77 நாள் 18 நாளானது எப்படி?

மருத்துவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கும் குடல் நோயாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். இடையில் ஒரு நாள் மலத்தில் ரத்தம் வருகிறது. நள்ளிரவில் எழுந்து கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கிறது. சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு வாரம் போகிறது. மூலமாக இருக்குமோ என்ற குழப்பத்தில் இன்னொரு வாரம். குறித்த தேதியில் மருத்துவர் முன் உட்காரும்போது ஓரளவு அடங்கிவிட்டது. "எப்படி இருக்கீங்க?" என்ற கேள்விக்கு, "பரவாயில்லை டாக்டர்" என்கிறார். அது பொய்யில்லை, அன்றைக்குப் பரவாயில்லைதான். ஆனால் அந்த இரவுகள் எதுவும் கோப்பில் ஏறவில்லை.

குடல் அழற்சி நோயில் முக்கியமானவை இரண்டு வகை: பெருங்குடலின் உட்பரப்பைப் புண்ணாக்கும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரக்கூடிய குரோன் நோய். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு மண்டலம் குடலிலேயே ஓயாமல் அழற்சியை மூட்டுகிறது. முற்றிலும் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. மாதக்கணக்கில் அடங்கிக் கிடக்கும், திடீரென்று கிளம்பும். அது கிளம்பும் நாளும் மருத்துவமனை கொடுத்த தேதியும் ஒத்துப்போவது அபூர்வம்.

டென்மார்க் மருத்துவர்கள் பிடித்துக்கொண்டது இந்த இடைவெளியைத்தான். டென்மார்க்கிலும் அயர்லாந்திலும் கொலைட்டிஸ் நோயாளிகள் 333 பேரிடம் ஓராண்டு நடந்த ஆய்வு 2010-இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றவர்கள் பயிற்சி பெற்று, நோய் தலைகாட்டியதும் இணையதளத்தில் அறிகுறிகளைப் பதிந்தார்கள். திரையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிலை தெரியும்; அதற்கேற்ப மருந்தின் அளவைத் தாங்களே கூட்டிக்கொள்ளலாம். டென்மார்க்கில் வழக்கமான பிரிவில் நோய் ஒருமுறை கிளம்பினால் அடங்க இடைநிலையாக 77 நாள் ஆனது. இணையப் பிரிவில் 18 நாள். நோய் கிளம்பும் தடவைகள் குறையவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மருந்தும் புதிதல்ல, பழைய மெசலமைன் வகைதான். நோயாளி மருந்தைக் கூட்டிய நாள் முன்னே வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் இரண்டு மாதம் ரத்தப்போக்கோடு வேலைக்குப் போய் வருகிறவருக்கு அது எவ்வளவு பெரிய வித்தியாசம்!

அறிகுறிகளைப் பதிய அந்த இணையதளம் கேட்ட கேள்விகளைக் கொஞ்சம் பார்க்கலாம். பிரிட்டனில் 1998-இல் வெளியான ஓர் எளிய அளவுகோலை டென்மார்க் மருத்துவர்கள் பயன்படுத்தினார்கள். ரத்தப் பரிசோதனை, எண்டோஸ்கோப்பி எதுவும் வேண்டாம். பகலில் எத்தனை முறை போனீர்கள், இரவில் எத்தனை முறை, அடக்க முடிகிறதா, ரத்தம் வருகிறதா, பொதுவாக உடம்பு எப்படி, மூட்டு, கண், தோலில் தொந்தரவு உண்டா? பகலில் மூன்று முறை வரை போனால் மதிப்பெண் பூஜ்யம். இரவில் ஒருமுறை எழுந்தாலே ஒன்று ஏறிவிடும். தூக்கத்தையே கலைக்கும் வயிற்றுப்போக்கை மருத்துவர்கள் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. அவசரத்துக்கும் படிகள் உண்டு: சற்று விரைய வேண்டும், உடனே ஓட வேண்டும், ஆடையிலேயே போய்விடுகிறது. இந்த மூன்றாவதை மேசைக்கு எதிரே உட்கார்ந்து, கூட வந்த மகனின் முன்னால் சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்? தனியே இருக்கும்போது திரையில் ஒரு கட்டத்தைத் தொட்டுவிடலாம். நேரம் மிச்சமாவதைவிட இதையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

நெதர்லாந்து இன்னும் ஒரு படி மேலே போனது. கொலைட்டிஸ், குரோன் நோயாளிகள் 909 பேரை நான்கு மருத்துவமனைகளில் ஓராண்டு கவனித்த ஆய்வு 2017-இல் 'லான்செட்' இதழில் வந்தது. 'மைஐபிடிகோச்' என்ற செயலியில் மாதம் ஒருமுறை பதிவு; நோய் கிளம்பினால் வாரம் ஒருமுறை. சோர்வு, மனக்கவலை, வேலை செய்யும் திறன், மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவது என எல்லாம் கேள்வியில் உண்டு. அளவு மீறினால் மருத்துவமனைக்கு எச்சரிக்கை போகும். செவிலியர் நோயாளியைத் தொடர்புகொள்வார். வழக்கமான சிகிச்சைப் பிரிவினர் புறநோயாளிப் பிரிவுக்குச் சராசரியாக 2.34 முறை வந்தார்கள், செயலிப் பிரிவினர் 1.55 முறை; மருத்துவமனையில் சேர்வதும் செயலிப் பிரிவில் பாதிதான். நேரில் பார்ப்பது குறைந்தால் கவனிப்பும் குறையுமே என்ற பயம் நியாயமானது. ஆனால் கவனிப்பின் தரத்துக்கு நோயாளிகள் பத்துக்குக் கொடுத்த மதிப்பெண் இரு பிரிவிலும் எட்டுக்குச் சற்று மேல்.

அறிகுறியை மட்டும் நம்பிவிடவும் கூடாது. குரோன் நோயில் வயிறு அமைதியாக இருக்கும், உள்ளே புண் வளர்ந்துகொண்டிருக்கும். அழற்சி முழுதும் ஆறிய பிறகும் வலி விடாதவர்களும் உண்டு. அதனால்தான் மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்ற புரதத்தை அளக்கிறார்கள். குடலுக்குள் வெள்ளணுக்கள் குவிந்தால் அது கூடும். இப்போது வீட்டிலேயே மாதிரி எடுத்து, கைபேசிக் கேமராவால் முடிவைப் படிக்கும் பரிசோதனைப் பெட்டிகளும் வந்துவிட்டன. நோயாளியின் சொல்லும் இந்த அளவும் சேர்ந்து போனால் மருத்துவர் துணிந்து முடிவெடுக்கலாம்.

இத்தனைக்கும் மறுமுனையில் ஆள் வேண்டும். நெதர்லாந்தில் எச்சரிக்கை வந்ததும் தொடர்புகொள்ள, இந்த நோயில் பயிற்சி பெற்ற செவிலியர் இருந்தார். கேள்விப் பட்டியலைச் செயலியாக்குவது கடினமே இல்லை. வந்த பதிவைப் படித்து அன்றே திருப்பிக் கூப்பிடும் செவிலியருக்குச் சம்பளமும் நேரமும் ஒதுக்குவதே கடினம். செயலி வாங்கும் மருத்துவமனை முதலில் அந்தப் பணியிடத்தை நிரப்ப வேண்டும்.