இட்லியில் கோதுமை இல்லை, சாம்பாரில்?

சீலியாக் நோய் உள்ளவர்கள் கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களையும் ஆயுள் முழுக்கத் தவிர்க்க வேண்டும். இவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடலின் எதிர்ப்புசக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கிச் சிதைக்கிறது. இதற்கு மாத்திரை கிடையாது. பத்தியம் ஒன்றுதான் மருந்து. வீட்டுச் சமையலில் இந்தப் பத்தியம் அவ்வளவு கடினமல்ல. வெளியே சாப்பிடும்போதுதான் சிக்கல். தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர், மேடவாக்கம் வட்டாரத்து ஓட்டல்களில் அரிசிப் பலகாரத்துக்குப் பஞ்சமே இல்லை. அதனாலேயே பலர் ஏமாந்துபோகிறார்கள்.

தாமதமாக வருபவர்கள்

இந்த நோயோடு மருத்துவரிடம் வருபவர்களில் பெரும்பாலோர் வருடக்கணக்கில் தாங்களே வைத்தியம் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். வயிற்றுப்போக்கும் உப்புசமும் 'கேஸ் டிரபிள்' என்று பெயர் சூட்டப்பட்டு, மெடிக்கல் ஷாப் மாத்திரையில் ஓடுகின்றன. ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை அட்டை அட்டையாகத் தீர்கிறது. ரத்தம் மட்டும் ஏறுவதில்லை. சிதைந்த குடல் இரும்பைச் சரியாக உறிஞ்சாது என்பதை மாத்திரை வாங்கிக் கொடுக்கும் பக்கத்து வீட்டுக்காரர் அறிய வழியில்லை. குழந்தை உயரம் வளராவிட்டால் வம்சத்தின் மீது பழி விழுகிறது.

இன்னொரு வகையினர் வீடியோ பார்த்துவிட்டு, எந்தப் பரிசோதனையும் இல்லாமல் கோதுமையைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனைக்கு வந்தால் நோய் இல்லை என்பதுபோல முடிவு வரலாம். பிறகு பரிசோதனைக்காகவே மறுபடி வாரக்கணக்கில் சப்பாத்தி சாப்பிட வேண்டியிருக்கும். இந்த அவஸ்தை தேவையா?

நிலைத்துவிட்ட தவறான நம்பிக்கைகள்

'இது வடநாட்டு வியாதி, நமக்கு வராது' என்பது முதல் நம்பிக்கை. இதில் பாதி உண்மை இருப்பதால்தான் ஆபத்து அதிகம். 2016-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில் வட இந்தியாவில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று அதிகமாகவும், தெற்கில் ஆயிரத்துக்கு ஒருவர் என்ற அளவிலும் இந்நோய் காணப்பட்டது. தினசரிக் கோதுமை அளவு அங்கே சராசரியாக 455 கிராம், இங்கே 25 கிராம். ஆயிரத்துக்கு ஒருவர் என்றாலும் தாம்பரம் மாநகராட்சி அளவுள்ள ஊரில் அது நூற்றுக்கணக்கானோர். அதோடு, சர்க்கரை நோய் வந்ததும் இரவுச் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறும் பழக்கம் வீட்டுக்கு வீடு பரவியிருக்கிறது. 25 கிராம் என்ற பழைய கணக்கு பல வீடுகளில் செல்லாது. விமானப்படைத் தளக் குடும்பங்கள், வண்டலூர் முதல் காட்டாங்கொளத்தூர் வரையுள்ள கல்லூரிகளின் வடமாநில மாணவர்கள், ஓ.எம்.ஆர். ஊழியர்கள் என்று நோயை ஊரிலிருந்தே கொண்டுவருபவர்களும் இங்கே உண்டு.

'சம்பா கோதுமை சாப்பிடலாம், அது பாரம்பரியம்' என்பது அடுத்தது. சீரகச் சம்பா அரிசி. சம்பா கோதுமை கோதுமையேதான். பெயரில் சம்பா இருப்பதால் குடலுக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை.

'வயிறு சரியில்லையா, பார்லிக் கஞ்சி குடி, குளிர்ச்சி' என்ற கைவைத்தியம் சீலியாக் நோயாளிகளுக்கு நேரடித் தீங்கு. இளைத்த குழந்தைக்குக் கோதுமையும் பார்லியும் வறுத்து அரைத்த சத்துமாவைக் கரைத்துக் கொடுப்பதும், கோதுமையும் பார்லி மால்ட்டும் சேர்ந்த பானத்தைப் பாலில் கலக்குவதும் அப்படியே. கோதுமையை நிறுத்தினால் சீலியாக் நோயுள்ள குழந்தைகள் தேறுகிறார்கள் என்பதை நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே 1950-இல் தன் ஆய்வேட்டில் எழுதிவிட்டார். முக்கால் நூற்றாண்டு போயும் சத்துமாவுக் கரண்டி கீழே இறங்கவில்லை.

ராகி, கம்பு, தினை, சாமை, வரகு, குதிரைவாலி, சோளம் ஆகியவற்றில் குளூட்டன் இல்லை, இது சரி. ஆனால் ராகி சேமியா, சிறுதானிய நூடுல்ஸ், ராகி பிரெட் ஆகியவற்றின் பாக்கெட்டைத் திருப்பினால் கோதுமை மாவோ மைதாவோ பெரும்பாலும் எழுதியிருக்கும். முன்பக்கத்துக் கேழ்வரகுப் படத்தை நம்பி வாங்குபவர்கள்தான் அதிகம்.

'ஒரு நாள் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது' என்பது உறவினர் வீட்டு விசேஷங்களில் கேட்கும் வசனம். நாள்தோறும் 50 மில்லிகிராம் குளூட்டன் உள்ளே போனாலே மூன்று மாதத்தில் குடலில் சேதம் தெரிகிறது. ஒரு பரோட்டாவில் இருப்பது கிராம் கணக்கில்.

ஓட்டல் சமையலறைக்குள்

இட்லி, இடியாப்பம், புட்டு, ஆப்பம், சோறு, தயிர்சாதம், கூழ் எல்லாம் அடிப்படையில் பாதுகாப்பானவை. கோதுமை பக்கவாட்டில் நுழைகிறது, முதலில் பெருங்காயத்தின் வழியே. கடையில் விற்பது கூட்டுப் பெருங்காயம். பிசினோடு ஏதாவதொரு மாவு சேர்த்துச் செய்வது. அந்த மாவு பெரும்பாலும் கோதுமை அல்லது மைதா. கட்டியானாலும் தூளானாலும் இதே கதை. சாம்பார், ரசம், இட்லிப்பொடி, அடை, சட்னியின் தாளிப்பு என்று எல்லாவற்றிலும் அது இருக்கும். அளவு சிறிதுதான்; மூன்று வேளையும் ஓட்டலில் சாப்பிடும் விடுதி மாணவருக்கு அந்தச் சிறிதும் தினமும் சேர்கிறது.

அடுத்தது தோசைக்கல். மாஸ்டர் கல்லில் தண்ணீர் தெளித்து ஈர்க்குத் துடைப்பத்தால் ஒரு தேய் தேய்க்கிறார். ரவா தோசையின் பிசிறு ஓரத்துக்கு ஒதுங்குகிறது. அதே ஈரமான துடைப்பத்தால் துடைத்த இடத்தில்தான் அடுத்த சாதாத் தோசை விழுகிறது. திருப்புவதும் அதே கரண்டியால். மாலையில் அந்தக் கல்லிலேயே பரோட்டாவும் சப்பாத்தியும் வேகும். மொறுமொறுப்புக்காகத் தோசை மாவிலேயே கொஞ்சம் ரவையோ மைதாவோ கலக்கும் கடைகளும் உண்டு.

மெதுவடை உளுந்துதான், ஆனால் பூரி பொரித்த எண்ணெயில் பொரிந்தது. பஜ்ஜி, போண்டாவின் கடலை மாவில் மைதா கலந்திருக்கலாம். கோபி 65, சிக்கன் 65 மேல்மாவில் மைதா சகஜம். ஃப்ரைட் ரைஸ் அரிசிதானே என்று நினைப்பவர்கள் சோயா சாஸை மறந்துவிடுகிறார்கள். வழக்கமான சோயா சாஸ் கோதுமை சேர்த்துப் புளிக்கவைத்தது. பிரியாணி ஓரளவு தேவலை, கூட வரும் குழம்பை மாவு கரைத்துக் கெட்டியாக்காதவரை. ஃபில்டர் காபியில் பயமில்லை.

எப்படிக் கேட்பது, எப்போது சாப்பிடுவது

'குளூட்டன் இருக்கா?' என்று சப்ளையரிடம் கேட்டால் 'அதெல்லாம் ஃப்ரெஷ்தான் சார்' என்ற பதில் வரக்கூடும். 'மைதா, கோதுமை, ரவை சேர்ப்பீங்களா? பெருங்காயம் போடுவீங்களா?' என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும், முடிந்தால் மாஸ்டரிடமே. ஆவியில் வெந்ததே முதல் தேர்வு. இட்லிக்குத் தாளிக்காத தேங்காய்ச் சட்னி அல்லது சர்க்கரை. மதியச் சாப்பாட்டில் சோறு, தயிர், பெருங்காயம் போடாத பொரியல். பரோட்டா தொடங்குவதற்கு முந்தைய காலை வேளை, மாலையைவிட நல்லது. கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் இரவுப் பேருந்து பிடிப்பவர்கள் வீட்டிலிருந்தே பொட்டலம் கட்டிச் செல்வது உத்தமம். அவசரத்துக்கு வாழைப்பழமும் வறுத்த வேர்க்கடலையும் போதும்.

பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருக்கும் உணவகங்கள், கோதுமை உள்ளிட்ட ஒவ்வாமைப் பொருட்களின் விவரத்தைத் தெரிவிக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. பாக்கெட்டில் 'குளூட்டன் ஃப்ரீ' என்று அச்சிட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. மெனு அட்டையில் யாரோ எழுதிய அதே சொல்லுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

பரிசோதனை

முதலில் டி.டி.ஜி. என்ற ரத்தப் பரிசோதனை, பிறகு எண்டோஸ்கோபியில் எடுக்கும் சிறுகுடல் திசுவின் பரிசோதனை. இரண்டும் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே செய்யப்பட வேண்டும்.

ஒரு வேண்டுகோள்

ஆறு வாரத்துக்கு மேல் வயிற்றுப்போக்கு, மாத்திரைக்கு மசியாத ரத்தசோகை, வளராத குழந்தை: இவற்றில் ஒன்று இருந்தாலும் தயவுசெய்து மருந்துக்கடையோடு நின்றுவிடாமல் மருத்துவரைப் பாருங்கள். கோதுமையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்தச் சொன்ன பிறகு நீங்களாகத் தொடங்காதீர்கள். வீட்டில் மாவு அரைக்கக் கொடுக்கும்போது, கோதுமை அரைத்த மில்லிலேயே அரிசியையும் கொடுத்து அத்தனை கவனத்தையும் வீணாக்காதீர்கள்.

ஓட்டல்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. இப்படிக் கேட்டு வரும் நோயாளிகள் 'டயட்' என்று அலட்டிக்கொள்பவர்கள் அல்ல. மறுநாள் வலியில் சுருண்டு படுப்பவர்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். முடிந்தால் ஒரு தனித் தோசைக்கல்லும் தாளிக்காத ஒரு கிண்ணம் சட்னியும் எடுத்துவையுங்கள்.