டிரைவ்-இன் மூடுச்சு, உட்லண்ட்ஸ் மூடல: உடுப்பி கிருஷ்ண ராவ் கதையில சம்பளக்காரங்களுக்கு என்ன இருக்கு?

கதீட்ரல் ரோடு செம்மொழிப் பூங்காவுக்குப் போயிருப்பீங்க. அது 2010-ல திறந்த பூங்கா. அதுக்கு முன்னாடி அங்கே என்ன இருந்துச்சுன்னு வீட்டுல பெரியவங்களைக் கேளுங்க. "உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்"னு உடனே சொல்லுவாங்க. மரத்தடியில காரை நிறுத்தினா, டிபனும் காபியும் காருக்கே வரும்.

இதை ஆரம்பிச்சவர் கே. கிருஷ்ண ராவ். உடுப்பிப் பக்கம் ஒரு கிராமத்துல பிறந்தவர். பிழைப்புக்காக மெட்ராஸ் வந்தப்போ கையில முதலீடு கிடையாது. ஜார்ஜ் டவுன்ல சின்ன ஹோட்டல்ல சமையல்கட்டு எடுபிடியா வேலை பார்த்துத் தொழிலைக் கத்துக்கிட்டார். அப்புறம் சொந்தமா ஹோட்டல் தொடங்கி, மவுண்ட் ரோடு வரைக்கும் வந்தார்.

1938-ல ராயப்பேட்டையில ஒரு பெரிய பங்களாவைக் குத்தகைக்கு எடுத்து உட்லண்ட்ஸ் ஹோட்டலைத் திறந்தார். சாப்பாட்டோட தங்குற வசதியும் இருந்ததால, ரெண்டு வழியில வருமானம். 1952-ல மயிலாப்பூர்ல நியூ உட்லண்ட்ஸ். 1962-ல டிரைவ்-இன். ஒண்ணு நல்லா ஓடுதுன்னு அதோட நிறுத்திக்கல, கவனிச்சீங்களா?

டிரைவ்-இன் இருந்த நிலம் குத்தகை நிலம். அரசு அதைத் திரும்ப எடுத்துக்கிட்டதால 2008-ல மூட வேண்டியதாச்சு. 46 வருஷம் ஓடின இடம். கூட்டம் குறையல, காபியும் கெட்டுப்போகல. ஆனா நிலம் அவங்களோடது இல்ல. அதே சமயம் ராதாகிருஷ்ணன் சாலையில நியூ உட்லண்ட்ஸ் தொடர்ந்து ஓடுச்சு. ஒரு இடம் போனதுல மொத்தத் தொழிலும் போயிடல.

இப்போ நம்ம சம்பளத்துக்கு வருவோம். நீங்க எவ்வளவு நல்லா வேலை பார்த்தாலும், அந்த சீட் கம்பெனியோடது. அதனால எது உங்களோடது, எது கம்பெனியோடதுன்னு ஒரு பேப்பர்ல பிரிச்சு எழுதுங்க.

பிஎஃப் பணம் உங்களோடது, வேலை மாறினாலும் அதே யூஏஎன் நம்பர்ல தொடரும். ஆபீஸ் குரூப் இன்சூரன்ஸ் அப்படி இல்ல. பொதுவா வேலையை விட்டதும் அதுவும் போயிடும். அதனால வயசும் உடம்பும் சாதகமா இருக்கும்போதே, தனியா ஒரு ஹெல்த் பாலிசி எடுத்துடுங்க.

அடுத்தது அவசர நிதி. மாசச் செலவு 30,000 ரூபாய்னா, ஆறு மாசத்துக்கு 1,80,000 வேணும். மாசம் 7,500 ஒதுக்கினா 24 மாசத்துல சேர்ந்துடும். வட்டியை நான் கணக்குல சேர்க்கல. இந்தப் பணத்தை ஷேர்ல போடாதீங்க. சேவிங்ஸ் அக்கவுண்ட், எஃப்டி போதும், கேட்ட அன்னிக்குக் கைக்கு வரணும்.

இது சேர்ந்த பிறகு எஸ்ஐபியை ஏத்துறதைப் பத்திப் பேசலாம். இந்த மாசச் சம்பளம் ஏறின அன்னிக்கே முதல் 7,500-ஐத் தனி அக்கவுண்டுக்கு மாத்திடுங்க.