அணிகள் ஊர் மாறலாமா?

இந்தியாவில் ஹாக்கி என்றதும் புல்தரையில் ஆடப்படும் ஆட்டமே நினைவுக்கு வரும். கனடாவில் அச்சொல் பனி ஹாக்கியையே குறிக்கும். சறுக்குக் காலணி அணிந்த வீரர்கள் உறைபனித் தரையில் ஆடும் விரைவான ஆட்டம் அது. கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் பொதுவான தேசிய ஹாக்கி லீக்கில் 32 அணிகள் ஆடுகின்றன. பெரும்பாலான அணிகள் ஒரு நகரத்தின் பெயரையோ மாநிலத்தின் பெயரையோ தாங்கியுள்ளன. ஆயினும் அணியின் உரிமை மக்களிடம் இல்லை. செல்வர்களிடமும் நிறுவனங்களிடமுமே உள்ளது. அணி நட்டம் அடையும்போது, லீக்கின் ஒப்புதலுடன் அதனை வேறு நகரத்துக்கு மாற்ற உரிமையாளர் முனைவதுண்டு. அவ்வாறு மாற்றுவது முறையா?

கனடாவின் வினிபெக் நகரம் கடுங்குளிருக்குப் பெயர் பெற்றது. அங்கே ஜெட்ஸ் என்னும் அணி இருந்தது. 1990களில் வீரர்களின் ஊதியம் வெகுவாக உயர்ந்தது. நுழைவுச்சீட்டு விற்பனையால் கிடைத்த வருவாய் கனடிய டாலரில் வந்தது; ஊதியமோ அமெரிக்க டாலரில் வழங்கப்பட்டது. கனடிய டாலரின் மதிப்புக் குறையக் குறைய, அணியின் சுமை கூடியது. அரங்கமும் பழையதாகிவிட்டது. அணியைக் காக்க மக்கள் நிதி திரட்டினர். சிறுவர்கள் தம் உண்டியல் காசையும் கொடுத்தனர். எனினும் 1996இல் ஜெட்ஸ் அணி அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துக்குச் சென்று, கயோட்டீஸ் என்னும் புதுப்பெயர் பெற்றது.

இடமாற்றத்தை ஆதரிப்போர் கூறும் காரணங்களை எளிதில் தள்ளிவிட இயலாது. நட்டத்தில் இயங்கும் அணியால் நல்ல வீரர்களைத் தக்கவைத்துக்கொள்ள முடியாது. வருவாய் மிகுந்த நகரம் அவ்வணிக்குப் புத்துயிர் அளிக்கக்கூடும். கியூபெக் நகரின் நார்டிக்ஸ் அணி 1995இல் கொலராடோ மாநிலத்துக்கு மாறியது. அடுத்த ஆண்டே ஸ்டான்லி கோப்பையை வென்றது. புதிய இடத்தில் புதிய வீரர்களும் உருவாகின்றனர். பாலைநிலமான அரிசோனாவில் கயோட்டீஸ் ஆட்டங்களைப் பார்த்து வளர்ந்த ஆஸ்டன் மேத்யூஸ், 2016ஆம் ஆண்டின் இளம் வீரர் தேர்வில் முதலிடம் பெற்றார்.

ஆனால், ஊர் மாறியதனாலேயே எல்லாத் துன்பமும் தீர்ந்துவிடுவதில்லை. கயோட்டீஸ் அணி 2009இல் திவால் நிலையை அடைந்தது. பின்னர், நிலையான அரங்கம் இல்லாமல், ஏறத்தாழ 5,000 பேர் மட்டுமே அமரக்கூடிய பல்கலைக்கழக அரங்கில் இரண்டு பருவங்கள் ஆடியது. 2024இல் அதன் வீரர்கள் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டிக்கு மாற்றப்பட்டனர்.

இதற்கிடையே வினிபெக்கில் ஒரு திருப்பம் ஏற்பட்டது. அட்லாண்டா நகரின் திராஷர்ஸ் அணி 2011இல் அங்கு வந்து, ஜெட்ஸ் என்னும் பழைய பெயரையே ஏற்றது. பருவம் முழுமைக்குமான 13,000 நுழைவுச்சீட்டுகள் சில நாள்களிலேயே விற்றுத் தீர்ந்தன. மக்களின் ஆர்வம் முன்பும் குறைந்திருக்கவில்லை. மாறியவை வேறு: நகரில் 2004இல் புதிய அரங்கம் திறக்கப்பட்டது, 2005இல் லீக் ஊதியத்துக்கு உச்சவரம்பு விதித்தது. முதல் அணி வெளியேறியதற்கு மக்கள் காரணம் அல்லர் என்பது இதனால் விளங்கும்.

ஊரிலேயே இருந்து மீண்ட அணியும் உண்டு. பிட்ஸ்பர்க் நகரின் பென்குவின்ஸ் அணி 1998இல் திவாலானது. அவ்வணி, தன் முன்னாள் வீரர் மாரியோ லெமியூவுக்குப் பெருந்தொகையை ஊதிய நிலுவையாகத் தரவேண்டியிருந்தது. அவர் அந்நிலுவையை முதலாக்கி, 1999இல் பிறருடன் சேர்ந்து அணியின் உரிமையாளர் ஆனார். பின்னர் 2009, 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் அந்த அணி கோப்பையை வென்றது. கியூபெக் நகரமோ 2015இல் பெரிய அரங்கம் ஒன்றைத் திறந்தும், லீக்கில் மீண்டும் இடம் பெறவில்லை. போன அணியைத் திரும்பப் பெறுவது அத்துணை எளிதன்று.

எனவே, நோய் எதுவென அறிந்த பின்னரே மருந்தைத் தேடவேண்டும். அரங்கம், நிர்வாகம், நாணய மதிப்பு ஆகியவற்றில் குறை இருந்தால், முதலில் அவற்றைச் சீர்செய்ய வேண்டும். எல்லாம் செம்மையாக இருந்தும் பல்லாண்டுகள் மக்கள் வராவிடின், இடமாற்றம் நேர்மையான முடிவே. உரிமையாளர் இழந்த பணத்தை வேறு நகரத்தில் ஈட்டிக்கொள்ளலாம்; உண்டியலை உடைத்த சிறுவனுக்கு அவனுடைய அணியை யார் ஈடுசெய்வர்?

பயிற்சி

1. வினிபெக் நகரம் தன் முதல் அணியை இழந்ததற்கான காரணங்கள் யாவை?
2. பென்குவின்ஸ், கயோட்டீஸ் ஆகிய அணிகளின் வரலாற்றை ஒப்பிட்டு எழுதுக.
3. 'நட்டமடையும் அணி ஊர் மாறலாம்' – இக்கருத்தை ஆதரித்தோ மறுத்தோ பத்து வரிகள் எழுதுக.
4. பெற்றோரின் பணிமாற்றத்தால் ஊர் மாறியதுண்டா? விட்டுவந்த ஊரில் இழந்த ஒன்றையும் வந்த ஊரில் பெற்ற ஒன்றையும் பற்றி எழுதுக.