ஓவிய மாளிகையைக் காத்தவர்கள்

பம்பாய் தாஜ்மகால் ஹோட்டலின் கதை

தாஜ்மகால் என்றதும் நமக்கு ஆக்ரா நினைவுக்கு வரும். ஷாஜகான் மன்னர் தம் மனைவியின் நினைவாகக் கட்டிய பளிங்குக் கல்லறை அது. அதைப் பார்க்கலாம், அதில் தங்க முடியாது.

பம்பாயில் இன்னொரு தாஜ்மகால் இருக்கிறது. இதில் தங்கலாம். ஆனால் கையில் பணம் வேண்டும். நம்மில் பலருடைய ஒரு மாதச் சம்பளம் இங்கே ஓர் இரவு வாடகைக்குச் சரியாகப் போய்விடும்.

இது ஒரு ஹோட்டல். இப்போது மும்பை என்று அழைக்கப்படும் பம்பாயில், அரபிக் கடலைப் பார்த்தபடி நிற்கிறது. மகாராஜாக்களும் கோடீசுவரர்களும் நாடாளும் தலைவர்களும் தங்கிய இடம். உள்ளே திரும்பிய பக்கமெல்லாம் ஓவியங்கள். ஒவ்வொன்றும் விலை மதிப்பு உள்ளவை.

அந்த ஓவியங்களையும் அதைவிடப் பெரிய ஒரு செல்வத்தையும் பற்றியது இந்தக் கதை.

கனவு கண்ட மனிதர்

இந்த ஹோட்டலைக் கட்டியவர் ஜாம்செட்ஜி டாட்டா. 1839ஆம் ஆண்டு குஜராத்தில் உள்ள நவ்சாரியில் பிறந்தவர். டாட்டா நிறுவனங்களுக்கு அஸ்திவாரம் போட்டவர் இவரே.

"ஐரோப்பியர்களுக்கு மட்டும்" என்று ஒரு ஹோட்டலில் அவரை உள்ளே விட மறுத்தார்கள். அந்தக் கோபத்தில்தான் தாஜ் ஹோட்டலைக் கட்டினார் என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வரலாறு எழுதியவர்கள் பலர் இதை ஒப்புக்கொள்வதில்லை.

உண்மையான காரணம் வேறாக இருக்கலாம். 1896இல் பம்பாயில் பிளேக் நோய் புகுந்தது. மக்கள் கூட்டம் கூட்டமாக ஊரை விட்டு ஓடினார்கள். பம்பாய் என்றாலே வெளியூர்க்காரர்கள் அஞ்சினார்கள். தம்முடைய ஊருக்குப் பழைய பெருமை திரும்ப வேண்டும், உலகத்தார் மீண்டும் இங்கே வர வேண்டும் என்று ஜாம்செட்ஜி விரும்பினார். அதற்கு முதல் தரமான ஒரு ஹோட்டல் வேண்டும் என்று கருதினார்.

கட்டடத்துக்குத் திட்டம் போட்டவர்கள் சீதாராம் கண்டேராவ் வைத்யா, டி. என். மிர்ஸா என்ற இரண்டு இந்தியர்கள். வேலை முடியும் முன்பே வைத்யா காலமானார். சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் பொறுப்பேற்று முடித்துக் கொடுத்தார்.

1903ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் தேதி ஹோட்டல் திறக்கப்பட்டது. மின்சார விளக்கு எரிந்தது. மின்தூக்கி மேலும் கீழும் போய்வந்தது. ஊரே வாயைப் பிளந்து பார்த்தது. முதலில் வந்து தங்கியவர்கள் 17 பேர்தான்!

அடுத்த ஆண்டு மே மாதம் ஜெர்மனியில் ஜாம்செட்ஜி காலமானார். இரும்பு ஆலை, விஞ்ஞானக் கல்லூரி, நீர் மின்சாரம், ஹோட்டல் ஆகிய நான்கும் அவருடைய பெரிய கனவுகள். அவற்றில் அவர் கண்ணாரக் கண்டது இந்த ஹோட்டல் ஒன்றைத்தான்.

முன்பக்கம் எது?

தாஜைப் பற்றி இன்னொரு கதையும் உலவுகிறது. தொழிலாளர்கள் வரைபடத்தைத் தவறாகப் பார்த்து, கட்டடத்தைத் திருப்பிக் கட்டிவிட்டார்கள். அதைப் பார்த்த வெள்ளைக்காரர் மனம் உடைந்து உயிரை விட்டார் என்பார்கள்.

இது வெறும் கட்டுக்கதை. அந்தக் காலத்தில் விருந்தினர்கள் குதிரை வண்டியில் ஊருக்குள்ளிருந்து வந்தார்கள். ஆகவே வாசலை ஊர்ப்பக்கம் வைத்தார்கள். கடல் காற்று அறைகளுக்குள் வீசட்டும் என்று எதிர்ப்பக்கத்தைக் கடலுக்கு விட்டார்கள். பழைய வாசல் இருந்த பக்கத்தில் இப்போது நீச்சல் குளம் இருக்கிறது.

ஹோட்டலுக்கு எதிரே நிற்கும் "இந்தியாவின் நுழைவாயில்" என்ற பெரிய வளைவைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அது திறக்கப்பட்டது 1924இல். ஹோட்டல் அதைவிட 21 ஆண்டு மூத்தது!

முதல் உலகப் போர் நடந்தபோது இதே ஹோட்டல் ஆஸ்பத்திரியாக மாறியது. 600 படுக்கைகள் போடப்பட்டன. சீமான்கள் நடனமாடிய இடத்தில் காயம்பட்ட சிப்பாய்கள் படுத்திருந்தார்கள்.

1966இல் பீட்டில்ஸ் பாடகர் ஜார்ஜ் ஹாரிசன் இங்கே வேறு பெயரில் வந்து தங்கினார். ரவிசங்கரிடம் சிதார் கற்றுக்கொள்வதற்காக வந்தவர் அவர். இரகசியம் எத்தனை நாள் நிற்கும்? விஷயம் வெளியே தெரிந்ததும் ரசிகர்கள் வாசலில் திரண்டுவிட்டார்கள்.

சுவரெல்லாம் சித்திரம்

இத்தனை ஓவியங்கள் இந்த ஹோட்டலுக்கு எப்படி வந்தன?

1960களில் ஹோட்டலுக்குள்ளேயே ஓர் ஓவியக்கூடம் இருந்தது. பம்பாய் ஓவியர்கள் தங்கள் படங்களை அங்கே காட்சிக்கு வைத்தார்கள். அப்போது அவர்களில் பலருக்குப் பெயரும் இல்லை, பணமும் இல்லை. 1970களின் தொடக்கத்தில் பழைய மாளிகையை ஒட்டிப் புதிய கோபுரக் கட்டடம் எழுந்தது. புதிய சுவர்களுக்குப் படங்கள் வேண்டியிருந்தன. வெளிநாட்டுப் படங்களைத் தேடிப் போகாமல், நம் நாட்டு ஓவியர்களின் படங்களை ஹோட்டல் வாங்கியது.

அந்த ஓவியர்களில் ஒருவர் எம். எஃப். உசேன். பண்டரிபுரத்தில் பிறந்தவர். பிழைப்புத் தேடிப் பம்பாய்க்கு வந்து, சினிமா விளம்பரப் பலகைகளுக்குப் படம் வரைந்தவர். நம் ஊரில் கட்-அவுட் வரைவார்கள் அல்லவா, அந்த மாதிரி வேலைதான். செருப்பு அணியாமல் நடப்பார். துள்ளும் குதிரைகளை வரைவதில் மன்னர். தாஜின் முகப்புக் கூடத்தில் அவருடைய பெரிய ஓவியம் மூன்று பாகமாக அமைந்திருக்கிறது.

2025 மார்ச்சில், அவர் 1954இல் வரைந்த வேறொரு படம் நியூயார்க்கில் ஏலம் போனது. விலை என்ன தெரியுமா? சுமார் ரூ. 118 கோடி!

இன்னொருவர் கைதொண்டே. நாகபுரியில் பிறந்தவர். அதிகம் பேசமாட்டார். அவர் படத்தில் மனிதனோ மரமோ மாடோ இருக்காது. வண்ணங்கள் மட்டும் மெல்ல மிதந்துகொண்டிருக்கும். விடியற்காலையில் குளத்தின் மேல் பனி படிந்திருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? கிட்டத்தட்ட அப்படி. 2001இல் அவர் காலமானபோது வெளியுலகத்துக்கு அவரை அதிகம் தெரியாது. 2015இல் மும்பை ஏலத்தில் அவருடைய படம் ஒன்று ரூ. 29 கோடிக்கு மேல் போயிற்று.

ஜஹாங்கீர் சபாவாலா, ராம் குமார், அஞ்சோலி எலா மேனன் போன்றவர்களின் படங்களும் தாஜில் உண்டு. இவை தவிர பெல்ஜியம் நாட்டுத் தொங்கு விளக்குகள், கோவாவின் பழங்காலப் பொருள்கள், கையால் நெய்த கம்பளங்கள் வேறு.

தங்குகிறவர்களுக்குச் சில வசதிகள் உண்டு. காலையில் ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்தில் படகுகள் ஆடுவது தெரியும். அறையை விட்டு வெளியே வந்தால் நடைவழியில் ஓவியம். படிக்கட்டில் இறங்கினால் அங்கேயும் ஓவியம். மாளிகையின் நடுவே உள்ள பெரிய படிக்கட்டு தனி அழகு. அங்கே நின்று அண்ணாந்து பார்த்தால், மாடிக்கு மேல் மாடியாக எழுந்து குவிமாடத்தில் போய் முடியும். விருந்தினர்களை ஊழியர் ஒருவர் அழைத்துப் போய், எது யார் வரைந்தது என்று சொல்லிக் காட்டுவதும் உண்டு.

அந்த இரவு

2008ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் தேதி, புதன்கிழமை. கடல் வழியாக வந்து இறங்கிய 10 பயங்கரவாதிகள் பம்பாய் நகரின் பல இடங்களில் கண்டபடி சுட்டார்கள். ரயில் நிலையத்தில் சுட்டார்கள். ஆஸ்பத்திரியிலும் சுட்டார்கள். அவர்களில் நான்கு பேர் தாஜ் ஹோட்டலுக்குள் புகுந்தார்கள்.

அப்போது ஹோட்டலில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். சாப்பிட வந்தவர்கள், தங்கியிருந்தவர்கள், விருந்துக்கு வந்தவர்கள், குழந்தைகள், முதியவர்கள். துப்பாக்கிச் சத்தம் கேட்டது. குண்டு வெடித்தது. மேல் மாடிகளில் தீப் பிடித்தது. குவிமாடத்தைச் சுற்றிப் புகை எழுந்ததை நாடு முழுவதும் டெலிவிஷனில் பார்த்துப் பதறியது.

உள்ளே என்ன நடந்தது?

ஹோட்டல் ஊழியர்களுக்குப் பின் வழிகள் எல்லாம் அத்துப்படி. நினைத்திருந்தால் முதலில் அவர்கள் ஓடித் தப்பியிருக்கலாம். அவர்கள் ஓடவில்லை.

டெலிபோன் பிரிவில் வேலை செய்தவர்களைப் பத்திரமாக வெளியேற்றிவிட்டார்கள். ஆனால் அவர்கள் திரும்பி உள்ளே வந்தார்கள். அறை அறையாகப் போன் செய்தார்கள். "கதவைத் திறக்காதீர்கள், விளக்கை அணையுங்கள், சத்தம் போடாதீர்கள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

ஒரு விருந்துக் கூடத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் 24 வயதுப் பெண். வெடிச் சத்தம் கேட்டதும் கதவுகளைப் பூட்டச் சொன்னார். விளக்குகளை அணைத்தார். விருந்தினர்களை மேஜைக்கு அடியில் படுக்க வைத்தார். ஒரே குடும்பத்தில் எல்லோரும் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று கணவனை ஒரு பக்கமும் மனைவியை ஒரு பக்கமும் இருக்கச் செய்தார். இரவு முழுவதும் அவரும் மற்ற ஊழியர்களும் தண்ணீர் கொடுத்துத் தைரியம் சொன்னார்கள். காலையில் தீயணைப்புப் படையினர் ஜன்னல் வழியாக எல்லோரையும் இறக்கினார்கள்.

சமையல் கட்டில் வேலை செய்தவர்கள் விருந்தினர்களைப் பின் வழியாக வெளியேற்றினார்கள். குண்டு வந்தால் தங்கள் மேல் படட்டும் என்று அவர்களைச் சுற்றி அரணாக நின்றார்கள். சிலர் அங்கேயே உயிர் விட்டார்கள்.

ஹோட்டலின் பொது மேனேஜர் கரம்பீர் காங். அவருடைய மனைவியும் இரண்டு ஆண் பிள்ளைகளும் ஆறாவது மாடியில் இருந்தார்கள். தீ அங்கேதான் பிடித்தது. மூவரும் மாண்டார்கள். அந்தச் செய்தி கிடைத்த பிறகும் அவர் இடத்தை விட்டு நகரவில்லை. மற்றவர்களைக் காப்பாற்றும் வேலையைக் கவனித்துக்கொண்டிருந்தார். இதைக் கேட்டால் கல் மனமும் கரையும்.

தேசியப் பாதுகாப்புப் படை வீரர்கள் மாடி மாடியாகப் போராடினார்கள். மேஜர் சந்தீப் உன்னிகிருஷ்ணன் இந்த மாளிகையில் வீரமரணம் அடைந்தார். 2009 குடியரசு தினத்தில் அவருக்கு அசோகச் சக்கர விருது வழங்கப்பட்டது.

29ஆம் தேதி காலையில்தான் சண்டை ஓய்ந்தது. தாஜில் இறந்தவர்கள் 31 பேர். உயிரோடு தப்பிய விருந்தினர்கள் 1,200 முதல் 1,500 பேர் வரை இருப்பார்கள்.

புகை படிந்த ஓவியங்கள்

சண்டை முடிந்த பிறகு ஓவியங்களின் நிலையைப் பார்த்தார்கள். தீயில் புகை படிந்துவிட்டது. தீயை அணைக்கப் பாய்ச்சிய தண்ணீரின் ஈரம் ஏறிவிட்டது. ஈரம் ஏறினால் துணியில் பூஞ்சை பூக்கும். பூஞ்சை வண்ணத்தைத் தின்றுவிடும்.

ஓவியத்தைச் சுத்தம் செய்வது சுவரைக் கழுவுவது போல் அல்ல. பஞ்சை நனைத்து, விரல் அகலம் விரல் அகலமாகத் துடைக்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் கரியோடு வண்ணமும் வந்துவிடும். கைதேர்ந்தவர்கள் பொறுமையாக இருந்து ஒவ்வொரு படமாக மீட்டார்கள்.

தாக்குதல் நடந்து ஒரு மாதம் ஆகும் முன்பே, டிசம்பர் 21ஆம் தேதி கோபுரப் பகுதி திறக்கப்பட்டது. பழைய மாளிகையைச் செப்பனிட நாள் பிடித்தது. 2010ஆம் ஆண்டு ஆகஸ்டு 15, சுதந்திர தினத்தன்று அதுவும் திறக்கப்பட்டது. அதே நவம்பரில் அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா பம்பாய் வந்தபோது இங்கேயே தங்கினார்.

யார் இவர்கள்?

உயிரைப் பணயம் வைத்த இந்த ஊழியர்கள் எங்கிருந்து வந்தவர்கள்? அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் இதை ஆராய்ந்து 2011இல் எழுதினார்கள்.

தாஜ் நிறுவனம் வேலைக்கு ஆள் எடுக்கும்போது பெரிய நகரங்களைவிடச் சிறிய ஊர்களையே அதிகம் தேடிப் போயிற்றாம். பெங்களூருக்குப் பதிலாக மைசூர், மணிப்பால். சென்னைக்குப் பதிலாகத் திருச்சிராப்பள்ளி, கோயம்புத்தூர். பெரியவர்களை மதிக்கும் வழக்கம் இருக்கிறதா, முகத்தில் மலர்ச்சி இருக்கிறதா, வேலை கிடைத்தால் குடும்பத்துக்கு உதவியாக இருக்குமா என்றெல்லாம் பார்த்தார்களாம். மற்ற ஹோட்டல்களில் ஓர் ஆண்டு பயிற்சி என்றால் இங்கே ஒன்றரை ஆண்டு. மேலதிகாரி என்ன நினைப்பார் என்று பயப்படாமல் விருந்தினரின் நலத்தையே முதலில் பார் என்று சொல்லிக் கொடுத்தார்களாம்.

ஆனால் விருந்தினருக்காக உயிரைக் கொடு என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லியிருக்க மாட்டார்கள். அது வீட்டிலிருந்து வந்தது. நம்மைப் போன்ற தாய் தகப்பன்மார் வளர்த்த பிள்ளைகள்தான் அவர்கள். வாசலுக்கு வந்தவரைப் பசியோடு அனுப்பக் கூடாது, நம்பி வந்தவரைக் கைவிடக் கூடாது என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகள்.

உசேன் படத்துக்கு ஏலத்தில் ஒரு விலை உண்டு. கைதொண்டே படத்துக்கும் உண்டு. போன் அருகே திரும்பி வந்து உட்கார்ந்த அந்த ஊழியருக்கு யார் விலை போட முடியும்?

இறந்த 31 பேரின் பெயர்களையும் பொறித்து ஹோட்டலில் நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள். விருந்தினரின் பெயர், ஊழியரின் பெயர் எல்லாம் அதில் இருக்கின்றன.

பம்பாய்க்குப் போகிறவர்கள் நுழைவாயில் வளைவின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வது வழக்கம். நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அப்படியே திரும்பிப் பாருங்கள். சிவப்புக் குவிமாடத்தோடு அந்த மாளிகை நிற்கும். கூட வந்திருக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.