கணக்குக் காட்டும் நூல்கள்



இன்ன பல்கலைக்கழகம் இன்ன நூலை வெளியிட்டது, இன்னாருடைய நூலுக்கு இவ்வாண்டுப் பரிசு கிடைத்தது என்னும் செய்திகள் அவ்வப்போது நாளிதழ்களில் வருவதைக் கண்டிருப்பீர்கள். நம்மில் பலர் பரிசுத் தொகை எவ்வளவு என்று பார்த்துவிட்டு அடுத்த பக்கத்திற்குச் சென்றுவிடுகிறோம். அத்தகைய செய்தியை ஒரு மாணவர் எவ்வாறு படிக்க வேண்டும் என்பதைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

ஆராய்ச்சி நூல்களை வெளியிடும் நிறுவனங்கள், கையெழுத்துப் படி வந்தவுடன் அதனை அச்சுக்கு அனுப்பிவிடுவதில்லை. அத்துறையில் வல்ல அறிஞர் சிலரிடம் கொடுத்து, குற்றங்குறைகளை எழுதித் தருமாறு கேட்பது அவற்றின் வழக்கம். ஆசிரியர் அவற்றுக்கு விடை கூறி, வேண்டிய இடங்களில் திருத்திய பின்னரே நூல் வெளிவரும். நூலினுள்ளே பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்புகள் இருக்கும். இறுதியில் மேற்கோள் நூற்பட்டியலும் பொருளகராதியும் இருக்கும். இவை வெறும் அலங்காரமல்ல. 'இச்செய்தி எனக்கு எங்கிருந்து கிடைத்தது' என்று ஆசிரியர் நமக்குக் காட்டும் கணக்காகும்.

கணக்கு என்றவுடன் நம் உத்திரமேரூர் நினைவுக்கு வருகிறது. சாலவாக்கத்தாராகிய நமக்கு அதுவே வட்டத் தலைநகர். அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில், முதலாம் பராந்தக சோழனுடைய 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில், பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த முறையை அவை கூறுகின்றன. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்வுக்கு வரக்கூடாது என்பது அவ்விதிகளுள் ஒன்று.

இக்கல்வெட்டுகளை உலகம் நன்கு அறிந்தது எவ்வாறு? கல்வெட்டுத் துறையினர் அவற்றைப் படியெடுத்துப் படித்தனர். பின்னர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராயிருந்த கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார், சோழர் வரலாறும் ஆட்சிமுறையும் பற்றி எழுதிய ஆங்கிலக் கட்டுரைத் தொகுதியில் இவ்வூர்ச் சபைகளை விரிவாக ஆராய்ந்தார். அத்தொகுதியை அப்பல்கலைக்கழகமே 1932ஆம் ஆண்டில் வெளியிட்டது.

இதனால் நமக்கு விளைந்த பயன் யாது? 'மக்களாட்சி பிறந்தது எங்கள் உத்திரமேரூரில்தான்' என்று மேடைகளில் முழங்கக் கேட்கிறோம். கேட்க இனிமையாகவே இருக்கிறது. ஆயினும் கல்வெட்டின் வாசகத்தைப் படிப்பவர், அச்சபை ஊரார் அனைவர்க்கும் உரியதன்று என்பதைக் காண்பார். அது வேதம் வல்ல அந்தணர் வாழ்ந்த சதுர்வேதிமங்கலத்தின் சபை. கால் வேலிக்கு மேற்பட்ட இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடையவர்களே குடவோலைக்கு உரியவர்கள். வேதத்தில் சிறந்த தேர்ச்சி பெற்றவர்க்கு நில அளவு மட்டும் குறைக்கப்பட்டது. முதற் கல்வெட்டு 30 முதல் 60 வரை என்று வகுத்த வயதெல்லை, இரண்டாவதில் 35 முதல் 70 வரை என்று மாற்றப்பட்டது. ஊர்ப்பெருமை ஒன்று, உண்மை ஒன்று. இரண்டையும் பிரித்தறிந்த பின்னும் எஞ்சி நிற்கும் பெருமையே நிலையான பெருமை. சான்று காட்டும் நூல் இல்லையேல் மேடைப் பேச்சையே நாம் வரலாறாகக் கொண்டிருப்போம்.

இனிப் பரிசுகளைப் பார்ப்போம். 1954ஆம் ஆண்டில் தோன்றிய சாகித்திய அக்காதெமி, 1955இல் தமிழுக்குரிய முதற் பரிசை, சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரா. பி. சேதுப்பிள்ளையின் 'தமிழின்பம்' என்னும் கட்டுரை நூலுக்கு வழங்கியது. அதே அக்காதெமி 1957, 1959, 1960 ஆகிய ஆண்டுகளில் தமிழ் நூல் எதற்கும் பரிசளிக்கவில்லை. ஆனால் அவ்வாண்டுகளில் தமிழர் எழுதாமல் இருந்துவிடவில்லை. பரிசு ஒரு குழுவின் தீர்ப்பு. நல்ல நூலைப் பலர் கண்ணில் படச் செய்வது அதன் சிறப்பு. அந்நூலிலுள்ள ஒவ்வொரு செய்திக்கும் அது பிணையாகாது.

சிறந்த ஆசிரியர்கள் பரிசு பெற்ற பின்னும் கணக்கை முடித்துவிடுவதில்லை. தமிழகக் குகைகளிலுள்ள தமிழ்-பிராமி எழுத்துகளை ஆராய்ந்த ஐராவதம் மகாதேவன் 1960களிலேயே அப்பணியைத் தொடங்கினார். அவருடைய பெருநூலைச் சென்னை க்ரியாவும் அமெரிக்க நாட்டு ஹார்வர்டு பல்கலைக்கழகமும் 2003இல் இணைந்து வெளியிட்டன. 2009இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அதன்பின் தம் எண்பதாம் வயதையும் கடந்து, அந்நூலைத் திருத்தி அமைத்தார். திருத்திய பதிப்பைச் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் 2014இல் வெளியிட்டது. புகழ் வந்த பின்னரும் தம் நூலில் திருத்த வேண்டியது உண்டு என்று கருதிய அப்பண்பு, எந்த விருதினும் உயர்ந்ததன்றோ?

இத்தகைய நூல்களின் விலை மிகுதி. சிற்றூர் மாணவர் வாங்குதல் எளிதன்று. ஆயினும் வழி இருக்கிறது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படி சென்னைக் கன்னிமாரா நூலகத்துக்கு அனுப்பப்பட வேண்டும். சென்னை செல்லும் வாய்ப்புக் கிடைக்கும்போது அரை நாளை அங்கே செலவிடுங்கள். புதிய நூலைப் பற்றிய செய்தி வந்தால், அதன் பெயரைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பதிப்பித்தவர் யார், எந்த ஆண்டு என்பவற்றையும் உடன் எழுதுங்கள். நூல் கைக்கு வந்ததும் ஓர் அடிக்குறிப்பைத் தேர்ந்து, அது காட்டும் மூலத்தைத் தேடிப் பாருங்கள். மூலம் நம்மூருக்கு அருகிலுள்ள கோயிற் சுவராயின், பேருந்தேறி நேரிலேயே சென்று பாருங்கள். ஆசிரியர் கூறியதும் நீங்கள் கண்டதும் ஒத்தால் மகிழ்ச்சி. ஒவ்வாவிடின், உங்கள் ஆராய்ச்சி அங்கே தொடங்கிவிட்டது என்று கொள்ளுங்கள்.