உணவு ஒளிப்படத் திருத்த மென்பொருள்

உணவு ஒளிப்படத் திருத்த மென்பொருள் என்பது சமையற் குறிப்புகளோடு வெளியிடப்படும் உணவுப் படங்களின் நிறம், வெளிச்சம், அளவு ஆகியவற்றைச் சீர்செய்யப் பயன்படும் கணினி மென்பொருளைக் குறிக்கும். இதற்கெனத் தனி மென்பொருள் வகை பெரும்பாலும் இல்லை. பொதுவான ஒளிப்படத் திருத்த மென்பொருட்களே இப்பணிக்கும் பயன்படுகின்றன. ஆயினும் உணவுப் படங்களுக்கு ஒரு தனித் தேவை உண்டு. சமையற் குறிப்பில் "பொன்னிறமாக வதக்கவும்" என்று எழுதப்பட்டிருந்தால், எது பொன்னிறம் என்பதை வாசகருக்குக் காட்டுவது படமே. படம் உண்மையை விடச் சிவந்து தோன்றினால், அதைப் பார்த்துச் சமைப்பவர் வெங்காயத்தைக் கருகவிடக்கூடும். வெளிறித் தோன்றினால் பச்சை வாசனை போகுமுன்னரே இறக்கிவிடக்கூடும். எனவே நிறத்தைச் சரியாகக் கையாளும் வசதியே இம்மென்பொருட்களைத் தெரிவு செய்வதில் முதன்மையான அளவுகோல் ஆகும்.

உணவுப் படங்களில் எழும் சிக்கல்கள்

ஒளி மூலங்கள் எல்லாம் ஒரே நிறத்தில் ஒளிர்வதில்லை. ஒளியின் நிறம் கெல்வின் அலகில் நிறவெப்பநிலையாகக் குறிக்கப்படுகின்றது. குண்டு விளக்கின் ஒளி ஏறத்தாழ 2700 முதல் 3000 கெல்வின் வரையும், நண்பகல் வெயில் ஏறத்தாழ 5500 கெல்வினும் ஆகும். மனிதக் கண் இவ்வேறுபாட்டைத் தானே ஈடுசெய்து கொள்கின்றது. ஒளிப்படக்கருவியில் இது கணக்கீட்டின் மூலம் செய்யப்பட வேண்டும். இக்கணக்கீடு வெண்சமநிலை எனப்படும்.

கருவிகள் வெண்சமநிலையைத் தாமே கணிக்கும் முறைகளுள் எளியது, படத்திலுள்ள நிறங்கள் அனைத்தின் சராசரி சாம்பல் நிறம் என்று கொள்வதாகும். தெருக்காட்சி போன்ற பலநிறப் படங்களில் இது பெரும்பாலும் பொருந்தும். உணவுப் படங்களில் பல வேளைகளில் பொருந்தாது. வாழையிலை நிறைந்த படத்தில் சராசரி பச்சையாக இருக்கும். கருவி அதைப் பிழையெனக் கருதிப் பச்சையைக் குறைத்தால், இலையிலுள்ள சோறு இளஞ்சிவப்பாக மாறும். மஞ்சள் மிகுந்த சாம்பார், கூட்டு முதலியவற்றை மிக அருகில் எடுக்கும்போது இதே காரணத்தால் படம் நீலம் பாய்ந்து தோன்றும்.

இவை தவிரப் பின்வரும் சிக்கல்களும் உள்ளன.

* கலப்பு ஒளி: சாளர வெளிச்சமும் மின்விளக்கும் ஒருங்கே விழுந்தால் தட்டின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் இருக்கும். படம் முழுவதற்கும் ஒரே வெண்சமநிலை கொடுத்து இதைத் தீர்க்க இயலாது.
* எவர்சில்வர் பாத்திரங்கள்: இவற்றின் மீது மின்னும் ஒளி உணரியின் எல்லையைக் கடந்தால் அவ்விடத்தில் எத்தகவலும் பதிவாகாது. பதிவாகாததை எந்த மென்பொருளாலும் மீட்க இயலாது.
* தரங்குறைந்த விளக்குகள்: சில குழல் விளக்குகளிலும் எல்.இ.டி விளக்குகளிலும் சிவப்பு ஒளி குறைவு. அவ்வொளியில் தக்காளியும் மிளகாயும் மங்கியே பதிவாகும்.

கோப்பு வடிவங்கள்

ஜேபெக் கோப்பில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒவ்வொரு நிறத்துக்கும் பொதுவாக 8 பிட்டுகள், அதாவது 256 படிநிலைகள் உள்ளன. வெண்சமநிலையும் ஏற்கெனவே உள்ளேற்றப்பட்டு, மிகுதித் தகவல் நீக்கப்பட்டுவிடுகின்றது. உணரி பதிந்ததை அவ்வாறே சேமிக்கும் ரா கோப்பு பெரும்பாலும் 12 அல்லது 14 பிட்டுகள் கொண்டது. படிநிலைகள் முறையே 4096, 16384 ஆகும். ரா கோப்பில் வெண்சமநிலை ஒரு குறிப்பாக மட்டுமே இருப்பதால், அதைப் பின்னர் தரம் குன்றாமல் மாற்றலாம். ஜேபெக் கோப்பில் பெரிய மாற்றம் செய்தால் நிழற்பகுதிகளில் நிறப் பட்டைகள் தோன்றக்கூடும்.

திருத்தும் முறைகள்

திருத்த மென்பொருட்களை இரு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை படவணுக்களை நேரடியாக மாற்றுவது. இதில் படத்தைத் திருத்திச் சேமித்தால் பழைய நிலை அழிந்துவிடும். எனவே மூலப்படத்தின் படியொன்றைத் தனியே வைத்திருத்தல் வேண்டும். இரண்டாம் வகை மூலக்கோப்பைத் தொடாமல், செய்ய வேண்டிய மாற்றங்களை மட்டும் கட்டளைகளாகச் சேமிப்பது. ஒரே இடத்தில் ஒரே ஒளியில் எடுத்த இருபது படங்களுள் ஒன்றைத் திருத்தி, அக்கட்டளைகளை ஏனையவற்றுக்கும் இடுவதற்கு இரண்டாம் வகையே ஏற்றது. படிப்படியான செய்முறைப் படங்களில் நிறம் ஒரே சீராக அமைய இது உதவுகின்றது.

குறிப்பிடத்தக்க மென்பொருட்கள்

* ஃபோட்டோஷாப்: தாமஸ் நோல், ஜான் நோல் சகோதரர்கள் உருவாக்கியது. அடோபி நிறுவனம் 1990இல் வெளியிட்டது. அடுக்குகள், முகமூடிகள் கொண்டு படத்தின் ஒரு பகுதியை மட்டும் திருத்தலாம். 2013இல் அறிமுகமான பதிப்பு முதல் சந்தா முறையில் வழங்கப்படுகின்றது.
* லைட்ரூம்: இதுவும் அடோபியின் மென்பொருள்; 2007இல் வெளிவந்தது. இரண்டாம் வகையைச் சேர்ந்தது. பல படங்களை ஒருங்கே கையாள ஏற்றது.
* கிம்ப்: பெர்க்லி கலிபோர்னியப் பல்கலைக்கழக மாணவர்களான ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் ஆகியோர் 1995இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள். 2018இல் வந்த 2.10 பதிப்பில் 8 பிட்டுக்கு மேற்பட்ட நிற ஆழமும், 2025இல் வந்த 3.0 பதிப்பில் மூலத்தை அழிக்காத வடிகட்டிகளும் சேர்க்கப்பட்டன. ரா கோப்பைத் திறக்கக் கீழுள்ள இரண்டில் ஒன்று துணையாக வேண்டும்.
* டார்க்டேபிள்: 2009இல் தோன்றிய கட்டற்ற மென்பொருள். விண்டோஸ் பதிப்பு 2017இல் வெளிவந்தது. இரண்டாம் வகையைச் சேர்ந்தது.
* ராதெரப்பி: 2010 முதல் கட்டற்ற மென்பொருள். ரா கோப்புகளைத் திருத்துவதற்கென அமைந்தது.
* ஸ்னாப்சீட்: நிக் நிறுவனம் 2011இல் வெளியிட்டது, அந்நிறுவனத்தை 2012இல் கூகுள் வாங்கியது. கைப்பேசியில் இலவசமாகப் பயன்படுத்தலாம்.

தெரிவு செய்தல்

கைப்பேசியில் எடுத்த ஜேபெக் படங்களுக்கு வெண்சமநிலை, வெளிச்சம், வெட்டுதல் ஆகிய வசதிகள் இருந்தாலே பெரும்பாலும் போதுமானது. ரா கோப்புகளைப் பயன்படுத்துவோர் இரண்டாம் வகை மென்பொருளை நாடலாம். எழுத்துச் சேர்த்தல், தேவையற்ற பொருளை நீக்குதல் போன்றவற்றுக்குக் கிம்ப், ஃபோட்டோஷாப் போன்றவை தேவைப்படும்.

விலையைப் போலவே திருத்தங்கள் எங்கே சேமிக்கப்படுகின்றன என்பதும் முக்கியமானது. கூகுள் 2004இல் வாங்கி இலவசமாக வழங்கிய பிக்காசா பரவலாகப் பயன்பட்டது. 2016இல் அதன் வளர்ச்சியும் ஆதரவும் நிறுத்தப்பட்டன. பிக்காசாவின் திருத்தக் கட்டளைகள் அம்மென்பொருளுக்கே உரிய சிறு கோப்புகளில் இருந்ததால், வேறு மென்பொருளில் படத்தைத் திறந்தவர்கள் திருத்தப்படாத மூலத்தையே கண்டனர். எந்த மென்பொருளும் ஒருநாள் நின்றுபோகலாம்; சந்தாவும் முடிந்துபோகலாம். ஆகவே மூலப்படத்தோடு, திருத்தி முடித்த படத்தையும் பொதுவான வடிவமொன்றில் சேமித்து வைத்தல் நலம்.

நிறத்தைச் சீர்செய்தல்

பெரும்பாலான மென்பொருட்களில் நடுநிலை நிறமுள்ள ஓரிடத்தைத் தொட்டுக்காட்டி வெண்சமநிலையை அமைக்கலாம். இட்லி, சோறு முதலியன வெண்மையாகத் தோன்றினாலும் அவற்றில் இளமஞ்சள் சாயல் உண்டு. அவற்றைத் தொட்டுக்காட்டினால் அச்சாயல் நீங்கி, உணவு உயிரற்ற நீல வெண்மை பெறும். இதற்கென விற்கப்படும் சாம்பல் அட்டையைத் தட்டின் அருகில் வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டு, அதிலிருந்து கிடைக்கும் அளவை மற்றப் படங்களுக்கு இடுவதே நம்பகமான முறையாகும். திருத்தும்போது கணினித் திரையின் இரவொளி வசதியை நிறுத்தியிருக்க வேண்டும். இல்லையெனில் மஞ்சள் படிந்த திரையை நம்பிப் படத்தில் நீலத்தைக் கூட்ட நேரிடும். கலப்பு ஒளிக்கு முகமூடி கொண்டு பகுதி பகுதியாகத் திருத்துவதை விட, படம் எடுக்கும்போதே மின்விளக்கை அணைத்துவிடுவது எளிது.

வெளியிடுதல்

இணையத்தில் வெளியிடும் படங்களை எஸ்.ஆர்.ஜி.பி நிறவெளியில் சேமிப்பது வழக்கம். வேறு நிறவெளியில் சேமித்த படம் சில திரைகளில் மங்கித் தோன்றும். படத்தைத் தேவையான அகலத்துக்குச் சுருக்கிய பின்னரே கூர்மையாக்குதல் வேண்டும். கைப்பேசிப் படங்களின் எக்சிஃப் தகவலில் படம் எடுத்த இடத்தின் ஆயங்கள் பதிந்திருக்கலாம். வீட்டுச் சமையலறையில் எடுத்த படமாயின் அது வீட்டின் இருப்பிடத்தையே வெளியிடுவதாகும். கிம்ப் உள்ளிட்ட பல மென்பொருட்களில் சேமிக்கும்போது இத்தகவலை நீக்கும் வசதி உள்ளது.

திருத்தத்தின் எல்லை

நிறச்செறிவைக் கூட்டினால் உணவு கவர்ச்சியாகத் தோன்றும். ஆனால் மிளகாய்த்தூள் ஒரு கரண்டி இட்ட குழம்பு மூன்று கரண்டி இட்டதுபோலக் காட்சியளிக்கும். ஒளியினால் நேர்ந்த பிழையை நீக்குவது திருத்தம் ஆகும். உணவில் இல்லாத நிறத்தைச் சேர்ப்பது வாசகரைத் தவறான அளவுக்கு இட்டுச்செல்லும். படத்தைச் சமைத்த உணவோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு, உணவு ஆறுவதற்கு முன்னர் மட்டுமே உண்டு. எனவே முதல் திருத்தத்தைத் தட்டு எதிரில் இருக்கும்போதே செய்வது நல்லது.