பஸ்ஸில் ஓடாத இளையராஜா

விருதுநகர் டூ சிவகாசி பஸ்ஸில் ஏறினால் இளையராஜா பாட்டு கேட்காமல் இறங்க முடியாது. ஆனா அந்த பஸ்ஸில் ஓடாத இளையராஜாவும் ஒருத்தர் இருக்கார். அவரைக் கேட்டிருக்கீங்களா?

சினிமா பாட்டில் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் சில நொடிகள்தான் வாத்தியங்களுக்கு. அந்த எல்லை இல்லாமல் அவர் எழுதியவை இவை: தியாகராஜருக்கும் ஜெர்மனியின் பாக்குக்கும் காணிக்கையாக 'ஹவ் டு நேம் இட்' (1986). ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு 'நத்திங் பட் விண்ட்' (1988). புடாபெஸ்ட் இசைக்குழு வாசித்த திருவாசகம் (2005). 2025 மார்ச் 8 அன்று, தன் 81 வயதில், லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவோடு அரங்கேற்றிய 'வேலியன்ட்' சிம்பொனி.

இதில் பலதுக்கும் அடிப்படை கவுன்டர்பாயின்ட். அதாவது, ஒரே நேரத்தில் ரெண்டு மூணு மெட்டு ஓடும். தனியாக எடுத்தாலும் ஒவ்வொன்றும் முழு மெட்டு; சேர்த்தாலும் மோதாது. கர்நாடக சங்கீதத்தில் ஒரே மெட்டுதான் ராகத்துக்குள் வளரும். இவர் ராகத்தையும் விடாமல் இதையும் செய்தார்.

நம்ம ஊர் மல்டி ஷாட் பெட்டியை யோசிங்க. பற்ற வைப்பது ஒரு திரி. எந்தக் குழாய் எப்போ வெடிக்கணும்னு செய்யும்போதே முடிவாகிடும். சிம்பொனியும் அப்படித்தான். எந்த வாத்தியம் எப்போ நுழையணும்னு காகிதத்திலேயே எழுதியாச்சு.

இன்னைக்கு ராத்திரி ஹெட்போன் போட்டு 'ஹவ் டு நேம் இட்' கேளுங்க. முதல் தடவை வயலின் மட்டும். அடுத்த தடவை அடியில் ஓடும் பேஸ் மட்டும். மூணாவது தடவை ரெண்டும் பேசிக்கிறது கேட்கும்.